லீ, லிம், கிருஷ்ணன்: பெயர் ஒன்றானால் குடும்பமும் ஒன்றா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையொன்றில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கப் பெயர்களோடுதான் பிழைப்பு. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க வரும் வாடிக்கையாளர்கள், பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கி வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பெயர்களை வைத்துக்கொண்டு பேசும்போது பேச்சும் பெயர்களைப் பற்றியே போகும். “பூப்பந்து வீரர்கள் லீ சோங் வெய்யும் லீ ஸி ஜியாவும் அண்ணன் தம்பியாமே?” என்பார் ஒருவர். “பினாங்கு முதலமைச்சர் அந்தக் காலத்திலும் லிம்தான், அப்புறமும் லிம்தான். ஒரே குடும்பம்தானே?” என்பார் இன்னொருவர்.

கேட்பவர்கள் மேல் தவறில்லை. இந்த நாட்டில் நாலைந்து வகைப் பெயர் முறைகள் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒன்றின் விதியை எடுத்து மற்றொன்றின் மேல் போட்டுப் பார்க்கும்போதுதான் இல்லாத சொந்தம் இருப்பதாகத் தெரிகிறது, இருக்கிற சொந்தம் கண்ணில் படாமல் போகிறது. அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பாத்திரத்தில் வெட்டிய பெயர்

நம் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களை எடுத்துப் பாருங்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். என்னிடம் பாட்டியின் பித்தளை அண்டா ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தில் ‘மு.கா.’ என்று இரண்டு எழுத்து. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புள்ளிகள் மழுங்கிவிட்டன, ஆனாலும் படிக்க முடிகிறது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு என்று அண்டா மூன்று வீடு மாறிவிட்டது. வெட்டிய எழுத்து மட்டும் மாறவில்லை.

குடும்பப் பெயர் என்பது இந்த அண்டா மாதிரி. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு மாறாமல் அப்படியே போகும் பெயர் அது. தாத்தா, அப்பா, மகன், பேத்தி எல்லோருக்கும் ஒரே சொல்தான்.

என் கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் பாத்திரங்களின் கதை வேறு. அவற்றில் என் அப்பாவின் முதல் எழுத்தும் என் பெயரும் வெட்டப்பட்டன. என் மகள் கல்யாணத்தில் என் வீட்டுக்காரரின் முதல் எழுத்தும் அவள் பெயரும். ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப் பாத்திரம், புது எழுத்து. இதைத் தகப்பன் பெயர் முறை என்று சொல்லலாம். பெயரோடு சேர்ந்து வரும் அந்த இரண்டாவது சொல், ‘இவர் யார் பிள்ளை’ என்ற கேள்விக்கான பதில். அடுத்த தலைமுறையில் கேள்வி அதேதான், பதில் மாறிவிடும்.

மலேசியத் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. நம் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே வரும் ‘ஏ/எல்’ என்பது ‘அனாக் லெலாகி’, அதாவது மகன். ‘ஏ/பி’ என்பது ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது மகள். சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று ஆங்கிலத்தில் இருப்பதும் இதுவேதான். அட்டையிலேயே இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக நினைப்பதற்கே இடமில்லை.

ஆனாலும் நினைக்கிறார்கள். இதே பிரிக்பீல்ட்ஸில் 1938-இல் பிறந்து 2024-இல் காலமான தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் செய்திகளில் ‘திரு. கிருஷ்ணன்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனந்த கிருஷ்ணன் என்பது முழுக்க அவருடைய சொந்தப் பெயர். அப்பா பெயர் தத்பரானந்தம். ஒரு சொந்தப் பெயரை இரண்டாகப் பிளந்து பின்பாதியைக் குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அதை நம்பி ‘கிருஷ்ணன் குடும்பத்துப் பிரபலங்கள்’ என்று தேடப் போனால், ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஆயிரம் பேர் வந்து நிற்பார்கள்.

இதுவரை பார்த்தது இரண்டு வகை. மாறாமல் இறங்கி வருவது குடும்பப் பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது தகப்பன் பெயர்.

## லிம் என்றால் எந்த லிம்?

சீனர்களின் பெயர் அண்டா வகைதான். ஆனால் நாம் பின்னால் தேடும் சொல் அவர்களுக்கு முன்னால் வரும். லீ சோங் வெய் என்பதில் லீ குலப்பெயர், சோங் வெய் சொந்தப் பெயர். மணமான பிறகும் பெண் தன் குலப்பெயரை வைத்துக்கொள்வதே இங்கே வழக்கம். லீ சோங் வெய்யின் மனைவி வோங் மியூ சூ. அவரும் பூப்பந்து வீராங்கனைதான்.

குலப்பெயர் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது ஒரு வீட்டின் பெயரைவிட ரொம்பப் பெரியது. சீனாவில் மட்டும் லீ குலப்பெயர் கொண்டவர்கள் ஏறத்தாழ 10 கோடி பேர். லீ சோங் வெய்யும் லீ ஸி ஜியாவும் ஒரே குலப்பெயர்தான், ஒரே எழுத்துதான். ஆனால் அண்ணன் தம்பி இல்லை. நம்மில் ஒரே கோத்திரத்துக்காரர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். பெண் எடுக்கும்போது அது நினைவுக்கு வரும், மற்றபடி ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சீனர்களிடமும் ஒரே குலப்பெயருக்குள் கல்யாணம் கூடாது என்ற பழைய வழக்கம் உண்டு. அதை வைத்துப் பார்த்தால் குலப்பெயரின் அளவு நமக்குப் புரிந்துவிடும்.

இனி பினாங்கு லிம்கள். 1969 முதல் 1990 வரை முதலமைச்சராக இருந்தவர் லிம் சோங் யூ. 2008 முதல் 2018 வரை இருந்தவர் லிம் குவான் எங். குவான் எங்கின் அப்பா லிம் கிட் சியாங். அப்பாவும் மகனும் ஒரு வீடு, சரி. சோங் யூ வேறு வீடு, வேறு கட்சி. 1990 பொதுத்தேர்தலில் பாடாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியில் லிம் சோங் யூவைத் தோற்கடித்தவரே லிம் கிட் சியாங்தான். ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு தேர்தலைச் சொன்னால் போதும். கெந்திங் மலையில் உல்லாசத்தலம் கட்டிய லிம் கோ தோங் இன்னொரு லிம். அவர் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்து இங்கே வந்தவர்.

இன்னொரு சுவையான விஷயம். லீ சோங் வெய்யை 2008, 2012 இரண்டு ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தோற்கடித்த லின் டானை மறந்திருக்க மாட்டோம். அந்த லின்னும் பினாங்கு லிம்மும் ஒரே சீன எழுத்து. அதை மாண்டரினில் லின் என்கிறார்கள், ஹொக்கியனில் லிம், கண்டனீசில் லாம். ஆங்கில எழுத்துக்கு மாற்றியபோது, எழுதிய குமாஸ்தாவின் காதில் எந்தக் கிளைமொழி விழுந்ததோ அந்த உச்சரிப்பு பதிவாகிவிட்டது. தான், சான், சின், சென் என்று நாம் நாலு குடும்பமாக நினைப்பதும் பல நேரம் ஒரே எழுத்தாக இருக்கும்.

நேர் எதிராகவும் நடக்கும். வோங் என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குப் பின்னால் இரண்டு தனிக் குலப்பெயர்கள் இருக்கின்றன. ஒன்றின் எழுத்துக்கு ‘மஞ்சள்’ என்று பொருள், மற்றதற்கு ‘அரசன்’. கண்டனீசில் இரண்டும் வோங்தான். பினாங்கு ஹொக்கியனில் முதலாவது ஊய், இரண்டாவது ஓங். ஜார்ஜ்டவுன் கடைப்பலகைகளில் ஆங்கிலத்தோடு சீன எழுத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வோங் என்று அந்தச் சீன எழுத்துதான் சொல்லும்.

அப்படியானால் குலப்பெயரால் உறவே தெரியாதா? தெரியும், ஊரையும் சேர்த்துக்கொண்டால். பினாங்கு கேனன் சதுக்கத்தில் இருக்கும் கூ கொங்சிக்குப் போனவர்களுக்கு அதன் கூரையும் கல் சிற்பங்களும் நினைவிருக்கும். அதற்கு முன்பிருந்த கட்டடம் 1901-இல் எரிந்துபோனது, இப்போது நாம் பார்ப்பது 1906-இல் கட்டி முடித்தது. கொங்சி என்றால் ஒரு குலத்தாரின் சங்கம். கூ என்ற பெயர் இருக்கிற எல்லோருக்கும் அது சொந்தமில்லை. ஃபூஜியனில் சின் காங் என்ற ஒரே கிராமத்திலிருந்து வந்த கூக்களின் வழித்தோன்றல்களுக்கானது அது. குலப்பெயர் மட்டும் தெரிந்தால் கூட்டம்தான் தெரியும், பூர்வீகக் கிராமமும் தெரிந்தால்தான் பங்காளி யார் என்று தெரியும்.

பினாங்கின் பழைய ஐந்து பெரிய குலங்கள் கூ, சியா, யோ, லிம், தான். கடலோரத்தில் மரத்தூண்கள் மேல் நிற்கும் படகுத்துறைக் குடியிருப்புகளுக்கும் சியூ, லிம், தான், லீ என்று குலப்பெயர்கள்தான். அங்கே ஒரே பெயர்க்காரர்கள் சேர்ந்து வாழ்ந்தது உண்மை. ஒரே பெயர் என்றால் சொந்தம் என்ற எண்ணம் நமக்கு வந்ததற்கு இந்தப் படகுத்துறைகளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

## ஒரு எழுத்து, பல அப்பாக்கள்

நம் பக்கம் வருவோம். தமிழர்கள் அப்பா பெயரைச் சுருக்கி முன்னால் போடும் எழுத்து முன்னெழுத்து. இனிஷியல் என்றால் எல்லோருக்கும் புரியும். சுருக்கமாக எழுத வசதிதான், ஆனால் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கில ‘பி’ ஒன்றை மட்டும் பார்ப்போம். 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சராக இருந்தவர் பி.இராமசாமி. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராஃப் என்ற இந்து உரிமை அமைப்பு நடத்திய பேரணியோடு பெயர் சேர்ந்துவிட்டவர்கள் பி.உதயகுமார், பி.வேதமூர்த்தி. மூன்று பேருக்கும் ‘பி’. உதயகுமாரும் வேதமூர்த்தியும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி, அவர்களின் ‘பி’ பொன்னுசாமி. இராமசாமியின் ‘பி’ பழனிசாமி. பினாங்கில் 1929-இல் பிறந்த கலைஞர் பி.ரம்லிக்கும் ஒரு ‘பி’ இருக்கிறது. அவர் இயற்பெயர் தெயுகு ஜக்கரியா, அப்பா தெயுகு ஞாக் பூத்தே. அந்தப் பூத்தேதான் ‘பி’ ஆனது.

இதைவிடச் சிக்கலானது ம.இ.கா.வில், அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியில், இருந்த இரண்டு எஸ்.சுப்பிரமணியம். பெரியவர் கட்சியின் துணைத் தலைவராக இருந்தவர். இளையவர் தலைவராகவும் 2013 முதல் 2018 வரை சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். கட்சி ஒன்று, பெயர் ஒன்று, எழுத்தும் ஒன்று. ஆனால் பெரியவரின் அப்பா சின்னையா, இளையவரின் அப்பா சதாசிவம்.

மெய்ப்புப் பார்க்கிறவளாக இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறைந்துவிடும். சி.சுப்பிரமணியம், ச.சுப்பிரமணியம். பொ.வேதமூர்த்தி, ப.இராமசாமி. ஆங்கில எழுத்து மெய்யை மட்டும் காட்டும், தமிழ் எழுத்து உயிரையும் சேர்த்துக் காட்டும். அதனால்தான் கடைக்கு வருகிறவர்களிடம் பத்திரிகையில் இனிஷியலையாவது தமிழில் போடுங்கள் என்று நான் மன்றாடுவேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

சரி, முன்னெழுத்து எப்போதும் அப்பாவைத்தான் சொல்லுமா? அதுவும் இல்லை. சென்னையின் சதுரங்கப் பிள்ளைகளைப் பாருங்கள். ஆர்.பிரக்ஞானந்தாவும் ஆர்.வைஷாலியும் தம்பி அக்கா, ‘ஆர்’ அப்பா ரமேஷ்பாபு. 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற டி.குகேஷின் ‘டி’ அப்பா பெயரில்லை, தொம்மராஜு. தெலுங்கர்கள் வீட்டுப்பெயரை, அதாவது குடும்பம் முழுவதற்கும் பரம்பரையாக வரும் பெயரை, முன்னால் வைப்பார்கள். குகேஷின் அப்பா ரஜினிகாந்த். தமிழ் முறைப்படி எழுதியிருந்தால் அவரும் ஆர்.குகேஷ் ஆகியிருப்பார், மூன்று பேரையும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஆக, முன்னெழுத்து ஒரு மூடி. திறந்தால் உள்ளே அப்பாவும் இருக்கலாம், வீட்டுப்பெயரும் இருக்கலாம், சொந்த ஊரும் இருக்கலாம். அண்ணாவின் சி.என். என்பதில் ‘சி’ ஆங்கிலத்தில் கான்ஜீவரம் என்று எழுதிய காஞ்சிபுரம், ‘என்’ அப்பா நடராசன்.

## இப்ராஹிம், அன்வார், இசா

மலாய்க்காரர்களின் முறை நம் முறைக்கு மிக அருகில் இருக்கிறது. ‘பின்’ என்றால் மகன், ‘பிந்தி’ என்றால் மகள். பினாங்கைச் சேர்ந்த பிரதமர் அன்வார் இப்ராஹிமின் அப்பா இப்ராஹிம். மகள் நூருல் இசா அன்வார். மூன்று தலைமுறையை அடுத்தடுத்து வைத்தால் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. மேல்படியில் இருப்பவரின் சொந்தப் பெயர் கீழ்ப்படியில் இரண்டாவது பெயராகிவிடுகிறது. மகாதீர் முகமதுவின் மகன் முக்ரிஸ் மகாதீர் ஆனதும் இப்படித்தான்.

அதனால் ஐந்தாவது பிரதமரை வெளிநாட்டினர் ‘பிரதமர் படாவி’ என்றபோது அவருடைய அப்பாவைத்தான் அழைத்தார்கள். பிரதமரின் சொந்தப் பெயர் அப்துல்லா, அப்பா அகமட் படாவி. அவர் தாத்தாவும் ஓர் அப்துல்லாதான், மார்க்க அறிஞர் அப்துல்லா ஃபாஹிம். தாத்தா பெயருக்குக் கொஞ்சத்தில் வருகிறேன்.

## சிங், பிள்ளை

சிலர் பெயரில் கடைசியாக வருவது குடும்பப் பெயரும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. 1699-இல் குரு கோபிந்த் சிங் கால்சா என்ற சீக்கியச் சமய அமைப்பை நிறுவிய காலத்திலிருந்து சீக்கிய ஆண்கள் சிங் என்றும் பெண்கள் கவுர் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். பினாங்கில் பிறந்த கர்ப்பால் சிங்கின் பிள்ளைகள் கோபிந்த் சிங் டியோ, ஜக்டிப் சிங் டியோ, ராம்கர்ப்பால் சிங். இங்கே சிங் சமயத்தின் அடையாளம், டியோதான் குடும்பப் பெயர். மூன்றாவது மகனின் சொந்தப் பெயருக்குள்ளேயே அப்பா கர்ப்பால் உட்கார்ந்திருக்கிறார்.

நம்மிடம் பிள்ளை, முதலியார், செட்டியார் போன்றவை சாதிப் பட்டங்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரம், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேரூர், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை மோகனூர். மூவரும் மூன்று ஊர், மூன்று குடும்பம். பட்டத்தை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

## பேரன் என்ற சொல்

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் வருத்தமாகக் கேட்டார்: “அப்ப நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேர் இல்லையாம்மா?” அந்தக் கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. பதில் நம் வாயிலேயே இருக்கிறது.

பேரன் என்கிறோம். அது பெயரன் என்ற சொல்லின் சுருக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். மகன் இல்லை, மகனுக்கு மகன். நம் முறையில் பெயர் ஒரு படி தாண்டிக் குதித்து வருகிறது. முருகனின் மகன் காத்தன், காத்தனின் மகன் மறுபடி முருகன் என்று.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இரண்டு அறிவியலாளர்கள். சி.வி.இராமனுக்கு 1930-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1983-இல் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அதே துறையில் அதே பரிசு. பெயர்களைப் பார்த்து யாரும் சொந்தம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இராமனின் அண்ணன் மகன்தான் சந்திரசேகர்! இப்போது மூடியைத் திறங்கள். இராமனின் ‘சி’ அவர் அப்பா சந்திரசேகரன். சந்திரசேகரின் முன்னால் நிற்கும் சுப்பிரமணியன் அவருடைய அப்பா, அதாவது இராமனின் அண்ணன். சித்தப்பாவின் இனிஷியலில் ஒளிந்திருக்கும் அதே பெயர், அண்ணன் மகனுக்குச் சொந்தப் பெயராக வந்திருக்கிறது, இருவருக்கும் நடுவிலிருந்த தாத்தாவிடமிருந்து. ஆங்கில முறைப்படி கடைசிப் பெயரை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த உறவு கடைசிவரை தெரியாது.

சீனர்களைப் பற்றிச் சொன்னபோது ஒரே பெயர் இருந்தும் உறவில்லாதவர்களைப் பார்த்தோம். இங்கே ஒரே பெயர் இல்லாமலே நெருங்கிய உறவு.

## அப்பா பெயர் உறைந்துபோகும்போது

மாறிக்கொண்டிருக்கும் தகப்பன் பெயர் ஏதோ ஒரு தலைமுறையில் நின்றுவிட்டால் அதுவே குடும்பப் பெயராகிவிடும். ஜான்சன் என்றால் ஜானின் மகன். ஏர் ஏசியா டோனி பெர்னாண்டஸின் பெயரிலும் அதே கதை. பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன், போர்த்துக்கீசியப் பெயர், கோவா வழியாக வந்தது. அந்த முதல் பெர்னாண்டோ யார் என்று இன்று யாருக்கும் தேவையில்லை. ஐரோப்பாவிலேயே ஐஸ்லாந்துக்காரர்கள் இன்னும் நம்மைப் போலத்தான். பாடகி பியோர்க்கின் இரண்டாவது பெயர் குட்முண்ட்ஸ்டோட்டிர், ‘குட்முண்டூரின் மகள்’. அப்படியே நம் ‘ஏ/பி’.

நம்மவர்களுக்கு இந்த உறைதல் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மலேசியக் கடப்பிதழில் பெயருக்கு ஒரே இடம்தான், முன்பெயர் பின்பெயர் என்ற பிரிவு கிடையாது. விமான டிக்கெட் படிவமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் குடும்பப் பெயரைக் கேட்கும். வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போடுவோம். அதே ஊரில் வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஆனதும் பிள்ளைக்கும் அதே ‘குடும்பப் பெயர்’ பதிவாகிவிடும். விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டில் ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிட்டதெல்லாம் உண்மையில் அவர் அப்பாவைக் கூப்பிட்டதுதான்.

போன மாதம் மெல்பர்னில் இருக்கும் மகளுக்குப் பதில் அப்பா ஒருவர் கடைக்கு வந்தார். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் வேண்டுமாம். மகள் அனுப்பியிருந்த தாளில் குழந்தையின் பெயருக்குப் பின்னால் இருந்தது மருமகனின் பெயர் இல்லை, இவருடைய பெயர். படிக்கப் போனபோது மகள் கொடுத்த அப்பா பெயர் அங்கே அவளுடைய குடும்பப் பெயராகி, இப்போது அவள் பிள்ளைக்கும் இறங்கியிருக்கிறது. தவறாக அடித்துவிட்டார்களோ என்று அவர் இரண்டு முறை கேட்டார். நான் அண்டா கதையைச் சொன்னேன்.

“பேரனுக்குத்தான் தாத்தா பேர் வைப்பாங்க. பேத்திக்கும் என் பேரா?” என்றார். மெய்ப்புத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் பேனாவை வாங்கி, ஆங்கிலத்தில் இருந்த தன் பெயருக்குக் கீழே அதையே தமிழில் எழுதி, இதையும் சேர்த்து அடிக்கச் சொன்னார்.